ரீஸ்லிங் என்றால் சர்க்கரைத் தண்ணீரா?

ஐரோப்பா சுற்றுலாவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு, பெட்டி கட்டும்போதே ஓர் அறிவுரை கிடைத்துவிடும். பிரான்ஸிலும் இத்தாலியிலும் எந்த ஒயினை வேண்டுமானாலும் குடியுங்கள். ஜெர்மனிக்குள் நுழைந்ததும் பீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே வெள்ளை ஒயின் என்றால் ரீஸ்லிங், ரீஸ்லிங் என்றால் சர்க்கரைத் தண்ணீர், ருசி தெரிந்தவர்கள் அதைத் தொடமாட்டார்கள். கேட்டே ஆகவேண்டும் என்றால் ஷார்டனே கேளுங்கள், இல்லாவிட்டால் பட்டியலில் விலை கூடியதாகப் பார்த்துச் சொல்லுங்கள். ரைன் நதியில் படகுச் சவாரி முடித்துக் கரையிறங்குகிற நம்மவர்கள், எதிரே மலைச்சரிவெல்லாம் ரீஸ்லிங் கொடி படர்ந்திருக்க, வேறு நாட்டு ஒயினைத் தேடிக்கொண்டிருப்பதற்கு இந்த அறிவுரைதான் காரணம். இதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் பாதி பழங்கதை, மீதி வெறும் பேச்சு.

ஜெர்மன் வெள்ளை ஒயின் எல்லாம் இனிப்பு என்பது முதல் வாதம். இந்தக் கெட்ட பெயர் எப்படி வந்தது என்று தெரியும். வோர்ம்ஸ் நகரத்து மாதாகோவிலைச் சுற்றியிருந்த தோட்டத்திலிருந்து வந்த பெயர் 'லீப்ஃப்ரௌமில்ஷ்'. ஒரு காலத்தில் மதிப்பாக இருந்த அந்தப் பெயரைப் பிற்காலத்தில் எந்தெந்தத் தோட்டத்து ஒயினுக்கோ ஒட்டி விற்றார்கள். 1970களிலும் 80களிலும் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் அந்தப் பெயரில் 'ப்ளூ நன்' போன்ற பாட்டில்கள் கப்பல் கப்பலாகப் போயின. நொதிக்காத திராட்சைச் சாற்றைக் கடைசியில் கலந்து இனிப்பேற்றுவது அந்தக் காலத்தில் சர்வசாதாரணம். ஆனால் அந்த மலிவுச் சரக்கில் அதிகம் இருந்தது ரீஸ்லிங் அல்ல. சீக்கிரம் பழுத்து நிறையக் காய்க்கும் ம்யூல்லர்-துர்காவ் என்கிற வேறு திராட்சை. குற்றம் ஒருவருடையது, தண்டனை இன்னொருவருக்கு.

இன்றைய நிலவரம் வேறு. ஜெர்மனியில் பாட்டிலாகும் தர ஒயினில் ஏறத்தாழ பாதி 'ட்ரோக்கன்', அதாவது இனிப்பு எஞ்சாத 'ட்ரை' ஒயின். 1910இல் தொடங்கிய வி.டி.பி. என்னும் உற்பத்தியாளர் சங்கம், தன் உறுப்பினர்களின் சிறந்த தோட்டங்களில் விளையும் ட்ரை ஒயினுக்கு 'ஜி.ஜி.' என்ற முத்திரை வைத்திருக்கிறது. பாட்டிலின் கழுத்தில் திராட்சைக் குலையோடு ஒரு கழுகு தெரிந்தால் அந்தச் சங்கத்துச் சரக்கு; அதோடு ஜி.ஜி. என்றும் இருந்தால் அது இனிப்பாக இருக்கவே இருக்காது. ஜெர்மனிக்காரர்கள் தாங்கள் குடிக்க வைத்துக்கொள்வதும் பெரும்பாலும் இந்த ட்ரை ஒயினைத்தான்.

சரி, ஆனால் லேபிள் புரியாதே என்பது அடுத்த வாதம். கொஞ்சம் நியாயம் உண்டு. ஜெர்மன் லேபிளைப் போல மிரட்டும் காகிதம் ஒயின் உலகில் குறைவு. கோதிக் எழுத்து, ஊர்ப் பெயர், தோட்டப் பெயர், அதன்மேல் ஒரு பட்டம். ஆனால் உங்கள் நாக்குக்கு ஏற்றதைத் தேட அதில் இரண்டு மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

'ட்ரோக்கன்' என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சட்டப்படி லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை. புளிப்பு தூக்கலாக இருந்தால் 9 கிராம் வரை விடுவார்கள். 'ஹால்ப்ட்ரோக்கன்' என்றால் லேசான இனிப்பு. 'ஃபைன்ஹெர்ப்' என்பதும் ஏறக்குறைய அதே இடம்தான், ஆனால் அதற்குச் சட்டத்தில் அளவு கிடையாது; தயாரிப்பாளர் மனசு. 'லீப்லிஷ்' என்றால் நன்றாகவே இனிக்கும்.

குழப்பமெல்லாம் கபினெட், ஷ்பேட்லேஸே, அவுஸ்லேஸே என்ற பட்டங்களில்தான். இவை இனிப்பின் படிநிலைகள் என்று பயணக் கையேடுகளே எழுதிவிடுகின்றன. 1971ஆம் ஆண்டு ஒயின் சட்டம் வகுத்த இந்தப் படிகள் அளப்பது, அறுவடை நாளில் திராட்சைச் சாற்றில் இருந்த சர்க்கரையை. அந்தச் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றவிட்டாரா, பாதியில் நிறுத்தினாரா என்பது ஒயின் செய்பவரின் முடிவு. அதனால்தான் ஒரே தோட்டத்திலிருந்து 'ஷ்பேட்லேஸே ட்ரோக்கன்' என்று இனிப்பில்லாததும், வெறும் 'ஷ்பேட்லேஸே' என்று இனிப்பதும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும்.

இதிலிருந்தே ஒரு கணக்கும் கிடைக்கிறது. லேபிளின் மூலையில் பொடியெழுத்தில் இருக்கும் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். ரீஸ்லிங்கில் 8, 9 சதவீதம் என்று போட்டிருந்தால் சர்க்கரை மீந்திருக்கிறது என்று அர்த்தம். 12க்கு மேல் என்றால் பெரும்பாலும் இல்லை. ஜெர்மன் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவருக்கும் இது உதவும். 2023 டிசம்பர் 8க்குப் பிறகு தயாரான ஒயின்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் சத்துப் பட்டியலைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பாட்டிலின் பின்னால் இருக்கும் கியூ.ஆர். குறியீட்டில் செல்போனைக் காட்டினால் பெரும்பாலும் அந்தப் பட்டியல் திறக்கும். 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று அதில் இருக்கும். அரை கிராமுக்குள் என்றால் ட்ரை, 4 கிராம் என்றால் இனிப்பு. பிரான்ஸின் எல்லை மாநிலமான அல்சாஸிலும் ரீஸ்லிங் விளைகிறது. அங்கே 2021 அறுவடையிலிருந்து 'செக்', 'தெமி-செக்', 'முவல்லோ', 'தூ' என்று இனிப்பின் அளவை லேபிளில் சொல்லியே ஆகவேண்டும். புரியாது என்று கைவிரிக்க இனி இடமில்லை.

இதைவிட எரிச்சலூட்டும் வாதம் ஒன்று உண்டு. இனிப்பு ஒயின் பிடிக்கும் என்று சொன்னால் ரசனை போதாது என்று அர்த்தமாம். நம்மவர்களில் பலர் நாக்குக்குப் பிடித்ததைக் கேட்கக் கூசி, பிடிக்காத ட்ரை ஒயினை முகம் சுளித்து விழுங்குவது இதனால்தான். எகோன் ம்யூல்லர் தோட்டத்து 2003ஆம் ஆண்டு இனிப்பு ரீஸ்லிங் ஒரு பாட்டில், 2015இல் ட்ரியர் நகரத்து ஏலத்தில் 12,000 யூரோவுக்குப் போனது. மட்டரகச் சரக்குக்கு யாரும் இவ்வளவு கொடுக்கமாட்டார்கள். மோசல் பள்ளத்தாக்குக் கபினெட்டில் லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை இருந்தாலும் திகட்டாததற்குக் காரணம் அதன் புளிப்பு. எலுமிச்சம்பழம் பிழிந்த சர்பத்தை யாரும் சர்க்கரைத் தண்ணீர் என்று சொல்வதில்லை. ப்ளூ நன்னிடம் இல்லாமல் போனது இந்தப் புளிப்புதான்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு மயக்கம் உண்டு. மூக்கில் பழ வாசனை அடித்தாலே இனிப்பு என்று முடிவுகட்டுவது. கெவுர்ட்ஸ்ட்ராமினர் கிளாஸைக் கையில் எடுத்ததுமே ரோஜாவும் லிச்சியும் மணக்கும். அது துளி சர்க்கரை இல்லாததாகவும் இருக்கலாம். நாக்கில் வைத்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஷார்டனே கேட்டால் எங்கும் ஏமாறமாட்டோம் என்பதற்கு அதிக பதில் தேவையில்லை. ஷாப்லி ஊரில் பெரும்பாலும் எஃகுத் தொட்டியில் வைத்துக் கூர்மையாகச் செய்வதும் ஷார்டனே. கலிஃபோர்னியாவில் ஓக் பீப்பாயில் வைத்து, வெண்ணெய் வாசமும் வரச் செய்வதும் ஷார்டனே. திராட்சையின் பெயர் மட்டும் உங்கள் ருசிக்கு உத்தரவாதம் ஆகாது.

மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு என்ற விதியை மரக்கறி உண்பவர் என்ன செய்வது? அல்சாஸில் பன்றி இறைச்சியும் புளித்த முட்டைக்கோசும் வைத்துப் பரிமாறும் ஷூக்ருத்துக்கு ரீஸ்லிங்தான் ஜோடி. அங்கேயே விதி உடைந்துவிடுகிறது. ஏப்ரலில் தொடங்கி ஜூன் 24 வரை ஜெர்மனி முழுக்க வெள்ளை அஸ்பாரகஸ் பருவம். அதை வேகவைத்து, உருளைக்கிழங்கோடு வெண்ணெய் ஊற்றித் தருவார்கள். அதற்கு ஃபிராங்கன் பகுதியின் சில்வானர், தட்டையான குடுவைப் பாட்டிலில் வருவது. சைவர்களுக்கு என் முதல் சிபாரிசு அதுதான்.

காரத்துக்கு எந்த ஒயினும் சேராது என்பது நம் ஊர்ப் பாடம். ஆல்கஹால் கூடக்கூட மிளகாயின் எரிச்சலும் கூடும் என்பதால், 14 சதவீதச் சிவப்பு ஒயினை வைத்து யோசித்தால் அது சரிதான். ஆல்கஹால் குறைந்து, கொஞ்சம் இனிப்பும் நல்ல புளிப்பும் உள்ள கபினெட்டுக்கு இந்தப் பாடம் பொருந்தாது. ஜெர்மனியில் ஈழத்தமிழர் கடையிலோ தாய்லாந்து உணவகத்திலோ சாப்பிட நேர்ந்தால், பட்டியலில் 9 சதவீத ரீஸ்லிங் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: விலை சொல்வது தோட்டத்தின் பெயரையும் கிராக்கியையும், அது உங்கள் நாக்கைப் பற்றி எதுவும் சொல்லாது. திருகுமூடி என்றால் மலிவு என்பதும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங்காரர்கள் 2000ஆம் ஆண்டிலேயே கார்க்கை விட்டுத் திருகுமூடிக்கு மாறினார்கள். தக்கை கெட்டு ஒயினும் கெடுவதைச் சகிக்க முடியாமல்.

ஜெர்மனியின் ஒயின் கிராமங்களில் விவசாயிகளே வருடத்தில் சில மாதம் மட்டும் திறக்கும் ஷ்ட்ரௌஸ்விர்ட்ஷாஃப்ட் என்ற கடைகள் உண்டு. 40 இருக்கைக்கு மேல் போடக்கூடாது. வாசலில் துடைப்பமோ இலைக்கொத்தோ தொங்கும். உள்ளே போய் 0.1 லிட்டர் கிளாஸில் ஒரு ட்ரோக்கன், ஒரு ஃபைன்ஹெர்ப், ஒரு லீப்லிஷ் என்று வரிசையாகக் கேளுங்கள். எது பிடித்ததோ அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த ஊரில் அதையே தைரியமாகச் சொல்லுங்கள். அது லீப்லிஷ் ஆக இருந்தாலும்.