சரக்குக்குத் திறக்கும் கதவு மனிதனுக்குத் திறக்காதா?

2024 மே மாதம் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் ஆப்பிரிக்கத் தொழிலதிபர்களின் மாநாடு ஒன்று நடந்தது. அதில் பேசிய அலிகோ டாங்கோட்டே தன் மனக்குமுறலைக் கொட்டித் தீர்த்தார். யார் இந்த டாங்கோட்டே? நைஜீரியாவின் கானோ நகரத்து வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். சிமெண்ட், சர்க்கரை, உரம், பெட்ரோல் சுத்திகரிப்பு என்று கண்டம் முழுக்கத் தொழில் நடத்துபவர். ஆப்பிரிக்காவின் முதல் பெரும் பணக்காரர்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? ஆப்பிரிக்காவுக்குள் போய்வர தனக்கு 35 விசாக்கள் தேவைப்படுகின்றனவாம்! மேடையில் இருந்த பிரெஞ்சு எண்ணெய் நிறுவனத் தலைவரைக் காட்டி, ஆப்பிரிக்காவில் தன்னைவிட அவருக்குத்தான் தாராளமாக நடமாடும் வசதி இருக்கிறது என்று சொல்லி வருந்தினார்.

சகோதரர்களே, எண்ணிப் பாருங்கள்! கோடி கோடியாகப் பணம் வைத்திருப்பவருக்கே இந்தக் கதி என்றால், லாகோஸ் நகரத்துப் பலோகுன் சந்தையில் துணி மூட்டையைத் தோளில் சுமந்து பிழைக்கும் ஏழை வியாபாரியின் கதி என்ன? படித்து முடித்துவிட்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும், விசா அலுவலகத்தின் வாசலில் காத்துக் கிடக்கும் இளைஞனின் கதி என்ன?

20 கோடிக்கும் அதிகமான மக்களைக் கொண்ட நாடு நைஜீரியா. ஆப்பிரிக்காவிலேயே மக்கள்தொகையில் முதலிடம். ஆனால் அந்நாட்டுப் பாஸ்போர்ட்டை வைத்துக் கொண்டு முன்கூட்டி விசா வாங்காமல் போகக்கூடிய இடங்கள் ஐம்பதைக்கூடத் தொடவில்லை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவனுக்கோ 180-க்கும் மேற்பட்ட இடங்கள்! மனிதனுக்கு மதிப்பா, அவன் சட்டைப்பையில் இருக்கும் புத்தகத்துக்கு மதிப்பா?

பூட்டைப் போட்டவன் யார்?

1861-இல் பிரிட்டிஷார் லாகோஸைப் பிடித்துக் கொண்டார்கள். 1914-இல் வடக்கையும் தெற்கையும் ஒன்றாகக் கட்டி நைஜீரியா என்று ஒரே நாடாக்கினார்கள். இதற்கெல்லாம் அந்த மண்ணின் மக்களிடம் எந்த விசாவை வாங்கினார்கள்? இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது நைஜீரிய இளைஞர்களைக் கப்பலில் ஏற்றி வந்து பர்மாப் போர்முனையில் நிறுத்தினார்கள். சாவதற்கு அழைத்தபோது எல்லைகள் குறுக்கே நிற்கவில்லை!

போர் முடிந்தது. பிரிட்டனுக்கு வேலையாட்கள் தேவைப்பட்டார்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, காலனி நாட்டு மக்கள் பிரிட்டனுக்குப் போய் வாழலாம், வேலை செய்யலாம் என்ற நிலை இருந்தது. கறுப்பு முகங்களும் பழுப்பு முகங்களும் தெருவில் கூடியதும் கூப்பாடு கிளம்பியது. 1962-இல் சட்டம் போட்டுக் குடியேற்றத்துக்குக் கடிவாளம் பூட்டினார்கள். 1986-இல் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களும் முன்கூட்டியே விசா வாங்க வேண்டும் என்று அறிவித்தார்கள். யாருக்கு? நைஜீரியா, கானா, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய ஐந்து நாட்டு மக்களுக்கு!

ஆக, இது எங்கோ இருக்கும் கறுப்பின மக்களின் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. ஒரே அறிவிப்பில் ஒரே பூட்டு நமக்கும் போடப்பட்டது.

சரக்குக்கு ஒரு நியாயம், மனிதனுக்கு ஒரு நியாயம்

1956-இல் ஒலோய்பிரி என்ற ஊரில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1958 முதல் நைஜீரிய எண்ணெய் கப்பல் ஏறிப் போய்க்கொண்டே இருக்கிறது. அந்த எண்ணெய்க்கு ஐரோப்பாவில் நேர்முகத் தேர்வு இல்லை. வங்கிக் கணக்குக் காட்டச் சொல்வதில்லை. ‘திரும்பிப் போவாய் என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்று யாரும் அதைக் கேட்பதில்லை. அந்த எண்ணெய்க் கசிவால் நிலமும் மீனும் அழிந்துபோன டெல்டா பகுதியின் மகன் போனால்தான் இத்தனை கேள்வி!

இதிலும் ஒரு வருமானம் இருக்கிறது. ஐரோப்பிய ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ கட்டணம். ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய். விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பி வராது. 2024-இல் நைஜீரியர்கள் கொடுத்த விண்ணப்பங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் மறுக்கப்பட்டன. வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு, ‘சரக்கு இல்லை, போய் வா’ என்று ஒரு கடைக்காரர் சொன்னால் ஊர் அவரை என்ன சொல்லும்?

அமெரிக்கா என்ன செய்தது? 2020-இல் டிரம்ப் அரசு நைஜீரியர்களுக்குக் குடியேற்ற விசாவை நிறுத்தியது. 2021-இல் பைடன் வந்து அதை நீக்கினார். 2025 ஜூலையில் மீண்டும் டிரம்ப் அரசு, பெரும்பாலான நைஜீரியர்களுக்குத் தற்காலிக விசா ஒரே ஒரு முறை நுழைவதற்கு, அதுவும் மூன்று மாதத்துக்கு மட்டும் என்று சுருக்கியது. நாற்காலியில் ஆள் மாறினால் ஒரு நாட்டு மக்களின் யோக்கியதையே மாறிவிடுமா?

மேற்கத்திய நாடுகளை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்குவது நியாயமாகாது. ஐக்கிய அரபு அமீரகமும் 2022-இல் நைஜீரியர்களுக்கு விசாவை நிறுத்தியது. 2024 ஜூலையில்தான் தடை விலகியது. துபாய்ச் சந்தையை நம்பிச் சரக்கு எடுத்த கானோ வியாபாரிகளும் லாகோஸ் வியாபாரிகளும் இடைப்பட்ட காலத்தில் எப்படித் தவித்திருப்பார்கள்! தவறு யார் செய்தாலும் தவறுதான்.

‘நைஜீரியர்களில் மோசடிக்காரர்கள் இருக்கிறார்களே, போதைப்பொருள் கடத்துகிறார்களே, விசா முடிந்தும் தங்கிவிடுகிறார்களே’ என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறார்கள். மறைக்க வேண்டியதில்லை. குற்றம் செய்தவனைப் பிடியுங்கள், தண்டியுங்கள். சிலர் செய்த குற்றத்துக்கு 20 கோடிப் பேரைச் சந்தேகக் கூண்டில் ஏற்றுவது என்ன நீதி? சிலரின் செயலுக்கு ஒரு சமுதாயமே பழி சுமப்பது எப்படி வலிக்கும் என்று நமக்கா தெரியாது?

பக்கத்து வீட்டுக் கதவு

இத்தனைக்கும் நடுவில் நைஜீரியர்களுக்குத் தாராளமாகத் திறந்த கதவு ஒன்று உண்டு. அது லண்டனில் இல்லை, பாரிஸிலும் இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கிறது.

1975 மே மாதம் லாகோஸ் நகரில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் கூடி ‘எக்கோவாஸ்’ என்ற பொருளாதாரக் கூட்டமைப்பை உருவாக்கின. 1979-இல் செனகலின் தலைநகர் டக்காரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. உறுப்பு நாட்டுக் குடிமகன் இன்னொரு உறுப்பு நாட்டுக்கு விசா இல்லாமல் போய் 90 நாள் தங்கலாம். அடுத்த கட்டமாகக் குடியிருக்கலாம், அதற்கடுத்து தொழிலும் தொடங்கலாம் என்பது அதன் சாரம். ஐரோப்பியர்கள் ஷெங்கன் ஒப்பந்தம் போட்டது 1985-இல். அவர்களுக்கு ஆறு ஆண்டு முன்பே இந்த ஏழை நாடுகள் வழி காட்டிவிட்டன!

இது புதிதாகக் கண்டுபிடித்த உரிமையும் அல்ல. கானோவின் ஹவுசா வியாபாரிகள் கோலாக்கொட்டை வாங்க இன்றைய கானா வரைக்கும், உப்பு வாங்கச் சகாரா வரைக்கும் போய் வந்தவர்கள். வெள்ளைக்காரன் கோடு கிழித்தபோது அந்த ஹவுசா மக்களில் பெரும்பாலோர் நைஜீரியாவிலும் மீதிப்பேர் நைஜர் நாட்டிலும் ஆனார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே! டக்கார் ஒப்பந்தம் அந்தக் கோட்டைக் கொஞ்சம் அழித்தது. அவ்வளவுதான்.

காகிதத்தில் உரிமை, கடையில் பூட்டு

ஆனால் அந்தக் கதவை அவர்களே எப்படி நடத்தினார்கள்? இங்கேதான் வேதனை.

1969 நவம்பரில் கானாவின் பிரதமர் புசியா, உரிய ஆவணம் இல்லாத வெளிநாட்டவர் இரண்டு வாரத்தில் வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டார். தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்திருந்த நைஜீரியர்கள் மூட்டை முடிச்சோடு துரத்தப்பட்டார்கள். அந்த வலியை அறிந்த நைஜீரியா என்ன செய்தது? 1983 ஜனவரியில் அதே இரண்டு வாரக் கெடு விதித்தது! சுமார் 20 லட்சம் பேர் விரட்டப்பட்டார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் கானா நாட்டவர். அவசர அவசரமாகச் சாமான்களைத் திணித்துக்கொண்டு ஓடிய கட்டம் போட்ட பெரிய பைக்கு, ‘கானாக்காரனே போ’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அடிபட்டவன் அடுத்தவனை அடிக்கலாமா?

கானாவில் 2013-இல் வந்த முதலீட்டுச் சட்டம் சந்தைச் சில்லறை வியாபாரத்தைச் சொந்த நாட்டவருக்கு ஒதுக்கியது. வெளிநாட்டவர் வணிகம் செய்ய வேண்டுமானால் பத்து லட்சம் டாலர் முதலீடு காட்ட வேண்டும் என்றது. அதைக் காட்டி நைஜீரியர்களின் கடைகள் பூட்டப்பட்டன. எல்லையில் விசா கேட்கவில்லை, உண்மைதான். ஆனால் கடைக்குப் பூட்டு! நைஜீரியாவும் சளைக்கவில்லை. கடத்தலைத் தடுப்பதாகச் சொல்லி 2019 ஆகஸ்டில் தரைவழி எல்லைகளில் சரக்குப் போக்குவரத்தை அடைத்தது. 2020 டிசம்பரில்தான் திறக்கத் தொடங்கியது. அண்டை நாட்டு வியாபாரிகளின் சரக்கு லாரிகள் எல்லையிலேயே முடங்கின.

சாதாரண நாளிலும் நிலைமை என்ன? லாகோஸிலிருந்து அக்ராவுக்குச் சாலை வழியாகப் போகிறவர் பெனின், டோகோ என்று நாடுகளைக் கடக்க வேண்டும். வழியெங்கும் சோதனைச் சாவடிகள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்கும் கை நீட்டுகிறார்கள். விசா கட்டணம் இல்லை என்று ஒப்பந்தம் சொல்கிறது. கட்டணத்தைச் சீருடைக்காரர் வசூலிக்கிறார்!

என்ன செய்ய வேண்டும்?

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய மூன்று நாடுகளும் 2025 ஜனவரி 29 அன்று எக்கோவாஸிலிருந்து விலகின. ஆட்சியாளர்களுக்குள் கடும் பகை. ஆனாலும் மக்கள் விசா இல்லாமல் போய்வருவது தொடரும் என்று இரு தரப்பும் அறிவித்தன. பிரிந்துபோன அண்ணன் தம்பி, குழந்தைகள் போய்வரும் நடுக்கதவை மட்டும் சாத்தாமல் விட்டதைப் போல! 2025 தொடக்கத்திலிருந்து கானா எல்லா ஆப்பிரிக்க நாட்டவருக்கும் விசா இல்லை என்று அறிவித்தது. ருவாண்டா, பெனின், காம்பியா, செஷல்ஸ் நாடுகள் அதற்கு முன்பே அதைச் செய்துவிட்டன.

நைஜீரியா எங்கே நிற்கிறது? 2018-இல் ஆப்பிரிக்க ஒன்றியம் இரண்டு ஒப்பந்தங்களை முன்வைத்தது. ஒன்று கண்டம் முழுவதற்குமான சுதந்திர வர்த்தகம். மற்றொன்று மக்களின் சுதந்திர நடமாட்டம். முதல் ஒப்பந்தம் 2019-இலேயே நடைமுறைக்கு வந்தது. நைஜீரியாவும் அதை ஏற்றது. இரண்டாவது நடைமுறைக்கு வர 15 நாடுகளின் ஏற்புறுதி தேவை. அதில் கால்வாசியைச் சற்றே தாண்டியதோடு அது நின்றுவிட்டது. ஏற்புறுதி செய்தவற்றின் பட்டியலில் நைஜீரியாவின் பெயர் இல்லை. சரக்கு போகலாம், சரக்கின் சொந்தக்காரன் போகக் கூடாது! வெள்ளைக்காரன் செய்தால் அநீதி என்று சொல்லும் அதையே இவர்களும் செய்கிறார்களே!

வல்லரசுகளிடம் நியாயம் கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரனைத் துரத்துகிறவன் தூரத்து வீட்டு வாசலில் நின்று நியாயம் கேட்டால் அந்தக் குரலுக்கு வலு ஏது? அந்த இரண்டாம் ஒப்பந்தத்தை ஏற்பதும், சொந்தச் சாலைகளில் கை நீட்டுகிறவர்களைப் பிடிப்பதும் நைஜீரிய அரசு இன்றைக்கே செய்யக்கூடிய காரியங்கள். அதற்கு வாஷிங்டனின் அனுமதி வேண்டியதில்லை.

கடைசியாக நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். பனியன், டி-ஷர்ட் வாங்க நைஜீரிய வியாபாரிகள் நம் திருப்பூருக்கு வந்தார்கள். அவர்கள் பணம் நம் கல்லாவுக்கு வந்தது. ஆனால் வாடகைக்கு வீடு கேட்டபோது எத்தனை பேர் கதவைச் சாத்தினார்கள்! விசா அதிகாரி தூதரகத்தில் மட்டும் இல்லை. நம் வீட்டுத் திண்ணையிலும் அவன் உட்கார்ந்திருக்கிறான். முதலில் அவனை எழுப்பி அனுப்புவோம்!