முதல் மூன்று வாரம்

பசறை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில் இரண்டு வயதாகியும் பிள்ளை பேசவில்லையென்றால் பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள்: "அவுங்க அப்பனும் லேட்டாத்தான் பேசுனான், தானா வந்துரும்." பலருக்கு வந்துவிடும். வராத பிள்ளைகளில் சிலருக்குக் குறை நாக்கில் இல்லை, காதில். அதற்கு ஒரு காரணம், தாய் வயிற்றிலேயே தொற்றும் சைட்டோமெகலோவைரஸ், சுருக்கமாக சி.எம்.வி.

இது அபூர்வமான கிருமி அல்ல. நம் நாட்டைப் போன்ற நாடுகளில் பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கும். கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொற்றினாலும் பழையது மறுபடி கிளம்பினாலும் சிசுவுக்குப் போகலாம். உலகில் 200 பிள்ளைகளுக்கு ஒன்றாவது இந்தத் தொற்றோடு பிறக்கிறது. பத்தில் ஒன்பது பார்வைக்கு நல்ல சுகமாகவே இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைகளிலும் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் கேட்கும் திறன் குறைகிறது. சிலருக்குப் பிறந்து சில வருடம் கழித்துத்தான். அதனால் ஒருமுறை காது பார்த்து "சரி" என்றதோடு விட்டுவிடக் கூடாது.

ருபெல்லாவும் இப்படித்தான் பிள்ளைகளின் காதைக் கெடுத்தது. 1996இல் தடுப்பூசி தொடங்கிய இலங்கை, 2020இல் ருபெல்லாவை ஒழித்த நாடென்று உலக சுகாதார நிறுவனத்திடம் பெயர் வாங்கியது. சி.எம்.வி.க்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. இருப்பது சவர்க்காரமும் தண்ணீரும்.

பிள்ளை மடுவத்தை நினைத்துப் பாருங்கள். அம்மாமார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனபின் ஒருவரோ இருவரோ அத்தனை குழந்தைகளுக்கும் மூக்குத் துடைத்து, கழுவிவிட்டு, சோறூட்டுகிறார்கள். தொற்றுள்ள சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இந்தக் கிருமி மாதக்கணக்கில் வெளியேறும். பார்க்கிறவர் கர்ப்பிணியானால் ஒவ்வொரு தடவையும் கை கழுவ வேண்டும். அதற்குக் குழாயில் தண்ணீர் வர வேண்டும். அது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. வீட்டிலும் கர்ப்பிணித் தாய், மூத்த பிள்ளை மிச்சம் வைத்த சோற்றைச் சாப்பிடாமல், உதட்டில் முத்தமிடாமல் நெற்றியில் கொஞ்ச வேண்டும். இதற்குப் பயந்து நிறைமாதப் பிள்ளைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. தொற்றுள்ள பிள்ளையை மடுவத்திலிருந்து ஒதுக்கவும் தேவையில்லை.

பிறந்து 21 நாளுக்குள் எச்சிலையோ சிறுநீரையோ சோதித்தால்தான் தொற்று வயிற்றில் வந்ததா, பிறகு வந்ததா என்று உறுதியாகச் சொல்லலாம். பாதிப்புத் தெரிகிற பிள்ளைக்கு முதல் மாதத்துக்குள் வல்கன்சிக்ளோவிர் தொடங்கி ஆறு மாதம் கொடுத்தால் காது மேலும் கெடாமல் காக்க வாய்ப்புண்டு. பஸ்ஸுக்கும் ஒருநாள் பேர்ச் சம்பளத்துக்கும் கணக்குப் பார்க்கிற லயத்துக் குடும்பத்துக்கு 21 நாள் என்பது மிகக் குறுகிய அவகாசம்.

ஆகவே ஊவா சுகாதார அதிகாரிகளிடம் கேட்கிறேன்: தோட்டத்துச் சிசு ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போகும் முன்பே அதன் காதைச் சோதியுங்கள். சந்தேகமிருந்தால் அன்றே சி.எம்.வி. பரிசோதனைக்கும் அனுப்புங்கள். தாய்மாரே, பிள்ளை சத்தத்துக்குத் திரும்பவில்லையென்றால் பேச்சு வரும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த கிளினிக்கிலேயே மிட்வைப்பிடம் சொல்லுங்கள்.