இரண்டாவது படத்துக்குப் பிறகு

உடல் பருமனுக்கான இரைப்பை அறுவை சிகிச்சை இந்திய நகரங்களில் இன்று விளம்பரப் பலகை ஏறிவிட்டது. 'முன்', 'பின்' என இரண்டு படங்கள். கீழே ஒரு தொலைபேசி எண். இரண்டாவது படத்துக்குப் பிறகு வரும் ஆண்டுகளைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இருப்பதில்லை. சிகிச்சையை நாடுவோர் முதன்மையாக அறிய வேண்டியதோ அதைத்தான்.

இது அழகுக்கான சிகிச்சை அன்று. சோம்பேறிகளின் குறுக்குவழி என்ற ஏளனமும் அறியாமையே. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றப்பட்டு, எஞ்சியது ஒரு குழல்போல் ஆகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரிதும் சுரப்பது அகற்றப்படும் பகுதியில்தான். ஆகவே கொள்ளளவோடு பசியும் குறைகிறது. பைபாஸ் முறையில் இரைப்பை ஒரு சிறு பையாகச் சுருக்கப்பட்டு, உணவு சிறுகுடலின் முற்பகுதியைத் தொடாமல் கீழே செல்கிறது. பலருக்கு எடை பெரிதாகக் குறையும் முன்னரே சர்க்கரை நோய் கட்டுக்குள் வருகிறது. 1987இல் தொடங்கிய சுவீடன் நாட்டு ஆய்வு, அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு விகிதம் குறைந்திருந்ததைக் காட்டியது.

இந்த நன்மைகளுக்கு ஒரு விலை உண்டு. தையலிடத்தில் கசிவு, இரத்தப்போக்கு ஆகிய ஆபத்துகள் அரிதெனினும் இல்லாதவை அல்ல. முதலில் நீர் உணவு, பின்பு மசித்த உணவு, அதன் பிறகே திட உணவு. சிறிது சிறிதாக, மென்று உண்பதும், உணவோடு நீர் பருகாதிருப்பதும் நிரந்தரப் பழக்கமாக வேண்டும். எடை விரைந்து குறைகையில் முடி உதிரலாம், பித்தக்கற்கள் தோன்றலாம். கருத்தரிப்பை ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை தள்ளிவைக்க அறிவுறுத்துவர். சில ஆண்டுகளில் இழந்த எடையில் ஒரு பகுதி திரும்புவதும் உண்டு. அது நோயாளியின் ஒழுக்கக்கேடு அன்று, உடலின் இயல்பு.

எல்லாவற்றினும் முக்கியமானது ஊட்டச்சத்து. இரும்பு, கால்சியம், வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் கண்காணித்து மாத்திரைகளால் ஈடுசெய்ய வேண்டும். ஓயாத வாந்தியைப் பொருட்படுத்தாமல் விட்டால் தயாமின் குறைந்து நரம்புகளே பாதிக்கப்படக்கூடும். பெண்களிடையே இரத்தசோகை பரவிய, பால் பருப்பு தவிரப் புரதம் தட்டுக்கு வராத வீடுகள் மிகுந்த நாட்டில் இது சிறு செய்தியன்று.

இங்கேதான் நம் ஏற்பாடுகள் தவறுகின்றன. நிபந்தனைகளுக்கு உட்பட்டு இந்த அறுவைக்குக் காப்பீடு கிடைக்கிறது. ஆனால் பெரும்பாலான காப்பீடுகள் மருத்துவமனையில் தங்கும் செலவையும் அதனையொட்டிய சில மாதங்களையும் தாண்டுவதில்லை. பத்தாம் ஆண்டின் இரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் நோயாளியின் கைப்பணத்தில்தான். பணம் முடைப்படும்போது முதலில் நிற்பவையும் அவையே. கத்திக்குக் காசு கொடுத்துக் கண்காணிப்பைக் கைவிடுவது பாதி வைத்தியம்.

ஆகவே ஒப்புதல் படிவத்தில் அறுவையின் ஆபத்துகளோடு, ஆண்டுதோறும் ஆகும் செலவும் நோயாளியின் தாய்மொழியில் இடம்பெற வேண்டும். மருத்துவமனைகள் எத்தனை அறுவைகள் செய்தன என்பதை மட்டுமன்றி, அவர்களுள் எத்தனை பேர் ஐந்தாம் ஆண்டிலும் பரிசோதனைக்கு வருகின்றனர் என்பதையும் வெளியிட வேண்டும். அந்த எண்ணைச் சொல்லத் தயங்கும் இடத்தில் வயிற்றை ஒப்படைக்கும் முன் எவரும் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது நல்லது.