எதை முதலில் குறைக்கிறோம்?



ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு ஆண்டவர் ஐயாயிரம் பேரை உண்பித்த நிகழ்ச்சியை நான்கு நற்செய்தியாளர்களும் எழுதியுள்ளனர். பன்னிரண்டு கூடைகள் எஞ்சியதையும் நால்வருமே குறிப்பிடுகின்றனர். ஆனால், எஞ்சிய துண்டுகள் வீணாகாதவாறு சேர்த்தெடுக்கும்படி இயேசுவே சீடர்களைப் பணித்தார் என்ற செய்தியை யோவான் ஒருவர் மாத்திரமே நமக்குத் தருகிறார் (யோவா 6:12). அவை வாற்கோதுமை அப்பங்கள் என்று சொல்பவரும் அவரே. வாற்கோதுமை அக்காலத்தில் ஏழைகளின் தானியம். வேண்டிய மட்டும் அப்பத்தைத் தரவல்ல ஆண்டவர், ஏழையின் அப்பத்துண்டு புல்தரையில் கிடந்து வீணாவதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. சிக்கனம் இல்லாதவனின் தலைவிதி என்று எண்ணுவோர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

நம் நாட்டுக் குடும்பங்களுக்குச் சிக்கனத்தைப் பற்றி எவரும் புதிதாகப் பாடம் நடத்தத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் இரவு பகலாக வரிசையில் நின்றவர்கள் நாம். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. உணவுப் பொருட்களுக்கு மாத்திரம் அது 94.9 வீதம். முந்திய ஆண்டில் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபா கொடுத்தோம். 2023 ஜூலையில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. 'அப்படியானால் கடைக்காரர் ஏன் பழைய விலைக்குச் சாமான் தருவதில்லை?' என்று இல்லத்தரசிகள் கேட்டதில் பிழையொன்றுமில்லை. பணவீக்கம் குறைந்தால் விலை ஏறும் வேகம் குறையும். ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நிற்கும். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரியும் 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஒரு தேங்காயின் விலை கேட்டுத் திகைத்துத் திரும்பியோர் எத்தனை பேர்! முதற்பால், இரண்டாம்பால் என்று பிழிந்த பின்னர் சக்கையைச் சம்பலுக்கு எடுத்து வைத்த நம் பாட்டிமாரை அப்பொழுதுதான் பலர் நினைத்துக்கொண்டனர்.

ஆகவே, செலவைக் குறைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இனி இடமில்லை. வருமானமே அதைத் தீர்மானித்துவிடுகிறது. எதை முதலில் குறைக்கிறோம், யாருடைய பங்கிலிருந்து குறைக்கிறோம் என்பதுதான் விசுவாசிகளாகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி. இதில் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒழுங்கு தலைகீழாக இருக்கிறது என்பதே என் துணிபு.

வீடுகளைச் சந்திக்கச் செல்லும் எந்தப் பங்குத்தந்தையும் இதைக் கண்டிருப்பார். முதலாவதாகக் குறைவது தாயின் தட்டு. எல்லாரும் உண்டபின் பானையில் இருப்பதை அவள் உண்கிறாள். சில நாட்களில் தேநீரோடு முடித்துக்கொள்கிறாள். கேட்டால், பசியில்லை என்பாள். அடுத்துக் குறைவது பிள்ளையின் முட்டையும் பாலும் மீனும். சூடையும் கீரியும் நெத்தலியும் பெரிய மீனுக்குச் சத்தில் குறைந்தவையல்ல என்று தெரிந்திருந்தும், 'சின்ன மீன் வாங்கினால் அயலவர் என்ன நினைப்பார்கள்' என்று தயங்கி, எந்த மீனுமே வாங்காமல் வருகின்ற வீடுகள் உண்டு. மூன்றாவதாக, பெரும்பாலும் எவரும் அறியாமலே, தருமம் நின்றுவிடுகிறது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை வேறாக எடுத்து வைத்து, கோயிலுக்கோ ஏழைக்கோ கொடுத்த பிடியரிசி வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. அது வறுமை நிறைந்த காலத்தில் தோன்றிய வழக்கம் என்பதை மறந்துவிடக்கூடாது.

குறையாமல் நிற்பது எது? கொண்டாட்டம்.

முதல்நன்மையை எடுத்துக்கொள்வோம். திருச்சபைச் சட்டம் இதற்கென்று கேட்பது என்ன? பிள்ளை தன் வயதுக்கேற்ப கிறிஸ்துவின் மறைபொருளை விளங்கிக்கொண்டு, ஆண்டவரின் திருவுடலை விசுவாசத்தோடும் பக்தியோடும் உட்கொள்ளத்தக்க ஆயத்தம் பெற்றிருக்க வேண்டும். அந்த ஆயத்தத்துக்குப் பெற்றோரும் பங்குத்தந்தையும் பொறுப்பு (சட்டம் 913, 914). இவ்வளவே. மண்டபமும், மூன்றடுக்குக் கேக்கும், வானில் பறந்து படமெடுக்கும் ட்ரோனும், வாடகை உடுப்பும், தடித்த அட்டை போட்ட அல்பமும் எந்தச் சட்டத்திலும் இல்லை. பத்து வயதுப் பிள்ளையொன்று அன்று காலையில் ஆண்டவரைப் பெற்றுக்கொள்கிறது. மாலைக்குள் அதன் தந்தை மனைவியின் காப்பை அடகு வைத்த கடனோடு நிற்கிறார். அந்தப் பிள்ளைக்கு நாம் எதைக் கற்பித்தோம்?

கடன் வாங்கி விருந்து வைத்து வறியவனாகிவிடாதே என்று சீராக்கின் ஞானநூல் வெளிப்படையாகவே எச்சரிக்கிறது (சீஞா 18:33). கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட நூல் அது. அக்காலத்திலும் கைப்பையில் காசில்லாமல் பந்தி வைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதை அறிவது ஒருவகையில் ஆறுதலாகவும் இருக்கிறது!

முதல்நன்மைக்குச் சொன்னது சாமத்திய வீட்டுக்கும், திருமணத்துக்கும், முப்பத்தோராம் நாள் நினைவு விருந்துக்கும் பொருந்தும். இதில் வெளிநாட்டுப் பணத்தின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. கனடாவிலோ பிரான்சிலோ இரண்டு வேலை செய்து, உறக்கத்தைக் குறைத்து ஒரு சகோதரன் அனுப்பும் பணத்தில் ஒரு வீட்டில் பெருவிழா நடக்கிறது. அது அந்த வீட்டாரின் விருப்பம். ஆனால் அடுத்த மாதம், வெளிநாட்டில் யாருமே இல்லாத பக்கத்து வீட்டுக் கூலித்தொழிலாளிக்கு அதுவே அளவுகோலாகிவிடுகிறது. அந்த அளவுக்கு எட்ட முயல்பவர் நுண்கடன் வாசலில் போய் நிற்கிறார். கிழமை தவறாமல் வீட்டுக்கு வரும் கடன் வசூலிப்பாளருக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொள்ளும் தாய்மாரின் துயரம் வடக்கிலும் கிழக்கிலும் புதிய செய்தியன்று.

'நாலு பேர் என்ன சொல்வார்கள்?' என்ற அச்சத்தை இலேசாக எண்ணிவிடக்கூடாது. ஊரோடு வாழும் குடும்பத்துக்கு ஊரின் வாய் பெரிய சுமை. தனியொரு குடும்பம், 'நாங்கள் எளிமையாகச் செய்கிறோம்' என்று அறிவித்தால், 'பாவம், கையில் இல்லை' என்ற இரக்கமோ, 'கஞ்சத்தனம்' என்ற ஏளனமோதான் கிடைக்கும். ஆகவே இதைத் தனிக் குடும்பத்தின் தலையில் மட்டும் சுமத்துவது நீதியாகாது. பங்குச் சமூகம் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும். திருப்பலி முடிந்தபின் கோயில் வளவிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகையான காலையுணவு, ஒரே வகையான வெள்ளை உடை, பங்கின் பொதுவான ஒரு புகைப்படம் என்று ஏற்பாடு செய்தால், இருப்பவன் பிள்ளைக்கும் இல்லாதவன் பிள்ளைக்கும் வேறுபாடு தெரியாது. இதைக் குடும்பங்களிடம் கேட்கும் நாங்கள் பங்கின் கணக்குப் புத்தகத்தையும் திறந்து பார்க்க வேண்டும். திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி நிர்ணயித்து, அந்தப் பணத்தை வாணவேடிக்கையாக வானில் எரித்துவிட்டு, மறுநாள் மேடையேறி வீட்டுச் சிக்கனம் பற்றி மறையுரையாற்றினால் யார் செவிமடுப்பார்?

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆண்டு முழுவதும் அல்லற்படும் மக்களுக்கு ஒரு திருநாளாவது மகிழ்ச்சி வேண்டாமா? வேண்டும். கானாவூர்த் திருமணத்தில் இரசம் தீர்ந்தபோது ஆண்டவர் அந்த வீட்டாரைக் கண்டிக்கவில்லை. ஆறு கற்சாடிகளும் விளிம்பு வரை நிரம்பின. மகிழ்ச்சியைத் தடைசெய்யும் மதமன்று நமது மதம். எனினும், கானாவூரில் அவ்வீட்டாரின் குறையை முதலில் கண்டு பேசியவர் அன்னை மரியாள் என்பதைக் கவனியுங்கள். விருந்தின் நடுவே அடுத்தவர் வீட்டில் என்ன குறைகிறது என்று பார்க்கும் கண் அது. மடுத் திருத்தலத்தில் கூடாரம் அமைத்து, மரநிழலில் ஒரே கறியும் சோறும் சமைத்து, அடுத்த கூடாரத்தாருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்து நாட்களைக் கழிக்கும் குடும்பங்களிடம் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை என்பதை அங்கு சென்றவர்கள் அறிவர்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது, ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு எரித்த விளக்கில் ஒரு தலைமுறையே படித்துத் தேறியது. அக்காலத்தைப் பொற்காலமாக இப்பொழுது சிலர் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அது நம்மீது திணிக்கப்பட்ட இல்லாமை. மருந்தின்றி மடிந்தவர்களும் உண்டு. ஆனால் அந்த விளக்கைச் சுற்றி அயல்வீட்டுப் பிள்ளைகளும் அமர்ந்து படித்தார்கள் என்பதையும் மறக்க முடியாது.

இன்னொன்றையும் கூறவேண்டும். சிக்கனத்தை எல்லாருக்கும் ஒரே தொனியில் போதிக்கக்கூடாது. பெருந்தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாளாந்தச் சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் விலைகள் சென்ற தூரத்தை மேலே கண்டோம். லயன் அறையில் ரொட்டியும் சம்பலும் உண்பவரிடம், 'குறைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவரிடம் குறைப்பதற்கு ஒன்றுமில்லை. நம்மிடம் குறைந்தது அவரிடம் போய்ச் சேர வேண்டும். உணவை வீசியெறிவது ஏழையின் மேசையிலிருந்து திருடுவதற்கு ஒப்பானது என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டில் கூறியது இதைக் கருதியே.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவர் சொன்ன உவமை (லூக் 14:28) சீடத்துவத்தைப் பற்றியது. ஆயினும் 'உட்கார்ந்து' என்ற அச்சொல் நம் வீடுகளுக்கு மிகவும் தேவையானது. மாதத்தில் ஒருநாள், செபமாலைக்குப் பின்னர், கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரு கொப்பியோடு உட்காருங்கள். கணவர் தம் முழு வருமானத்தையும் சொல்லட்டும். மதுவுக்கும் சிகரெட்டுக்கும் போவதையும் அவரே தம் கையால் எழுதட்டும். பல வீடுகளில் அந்த ஒரு வரியை எழுதியவுடனேயே பிள்ளையின் முட்டைக்குப் பணம் எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும். மின்சாரப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். மாதப் பாவனை 60 அலகைக் கடந்தவுடன், கடந்த அலகுகளுக்கு மட்டுமன்றி முதல் அலகிலிருந்தே கூடிய வீதம் அறவிடப்படுகிறது. நிலையான கட்டணமும் கூடுகிறது. 62 அலகில் நிற்கும் வீட்டில் ஆளில்லாத அறையின் மின்குமிழை அணைப்பது சில்லறை விடயமன்று என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். தாயின் தட்டுக்கும் அந்தக் கொப்பியில் ஒரு வரி இருக்க வேண்டும்.

தருமத்தை அக்கணக்கின் கடைசி வரியாக வைக்காதீர்கள். சாரிபாத்துக் கைம்பெண்ணிடம் ஒரு கையளவு மாவும் சிறிது எண்ணெயும் மாத்திரமே இருந்தன. எலியா இறைவாக்கினர் அவளிடம் முதலில் தமக்கொரு அப்பம் கேட்டார் (1 அர 17). வாசிக்கும்போது நமக்கே சற்றுக் கோபம் வருகிறது. அவளுக்கும் வந்திருக்கலாம். ஆயினும் கொடுத்தாள், பானையில் மா தீரவில்லை. ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைக்க இயலாத வீடுகளை விட்டுவிடுவோம். இயன்ற வீடுகள் பல உண்டு. அன்பியக் கூட்டத்துக்கு ஒரு வாளியைக் கொண்டுவந்து, மாதமுடிவில் சேர்ந்ததை வின்சன்ட் டி போல் சபையாரிடம் கையளிப்பதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

முதல்நன்மைக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளைகளின் பெற்றோருக்கான கூட்டங்கள் உங்கள் பங்குகளில் நடைபெறும். அங்கே உடுப்பின் தையலையும் மண்டபத்தின் முற்பணத்தையும் பற்றிப் பேச்சு எழுமுன்னர், யாரேனும் ஒரு தகப்பனோ தாயோ எழுந்து, 'சுவாமி, இம்முறை எல்லாருக்கும் கோயிலிலேயே ஒன்றாகச் செய்தால் என்ன?' என்று கேளுங்கள். அவ்வாறு கேட்க அஞ்சி அதே கூட்டத்தில் மௌனமாக இருப்பவர்கள் எத்தனை பேர் என்று அப்பொழுது தெரியும்.