துணிக்கிளியின் கால்கள்

தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்தைச் சேர்ந்த தேவதானப்பட்டியில், மஞ்சளாற்றின் கரையில் எழுந்தருளியிருக்கிறாள் மூங்கிலணைக் காமாட்சியம்மன். அந்தச் சந்நிதியில் கருவறைக் கதவு திறக்கப்படுவதில்லை. மூடிய கதவுக்கே மாலை சாத்தப்படுகிறது. அதற்கே தீபாராதனை நடைபெறுகிறது. தேங்காயை உடைக்காமலும் வாழைப்பழத்தை உரிக்காமலும் படைப்பது அங்குள்ள வழக்கம். ஆற்று வெள்ளத்தில் மிதந்து வந்த பெட்டியை மூங்கிற்புதர் தடுத்து நிறுத்த, அன்னை அவ்விடத்திலேயே கோயில்கொண்டாள் என்பது தலவரலாறு. மூங்கில் அணையாக நின்றதால் மூங்கிலணை என்ற பெயர் வந்தது. கதவின் முன் கைகூப்பி நிற்கும் அடியார் எவரும், கண்ணால் காணவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்வதில்லை. மறைந்திருப்பது இல்லாதது ஆகிவிடாது என்பதை அந்த ஊர் மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த எண்ணம் கோயில் வழிபாட்டுக்கு மட்டும் உரியதன்று. வீட்டில் தெய்வத்துக்கென்று செய்யும் சின்னஞ்சிறு கைவேலைக்கும் உரியது. நவராத்திரி நெருங்கும் நாள்களில் கொலுவுக்காகத் துணியில் கிளி தைக்கும் இல்லங்கள் இன்றும் உண்டு. ஆண்டாள் பொம்மையின் அருகிலும் மீனாட்சி பொம்மையின் அருகிலும் கிளி இல்லாமல் கொலு நிறைவதில்லை. பச்சைப் பட்டுத் துண்டில் உடல், சிவப்புத் துணியில் அலகு, கறுப்பு மணியில் கண் என்று அழகாகத் தைத்துவிடுகிறார்கள். கால் என்று வரும்போது மட்டும் கை தளர்ந்துவிடுகிறது. ஒரு கம்பித் துண்டை வளைத்துச் செருகி, யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது.

கூண்டுக்கிளி வேண்டாம், துணிக்கிளி போதும்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் உள்ள கிளிக்கூட்டு மண்டபத்தில் ஒரு காலத்தில் உயிருள்ள கிளிகளை வளர்த்தார்கள். மண்டபத்தின் பெயரே அதற்குச் சான்று. இன்று 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, சிறகை வெட்டிக் கூண்டில் அடைத்த கிளியை அன்னைக்கு உகந்ததென்று சொல்ல எந்த அடியாருக்கும் மனம் வராது. ஆகவே, கொலுப்படியில் கிளி வேண்டுமானால் அது கையால் செய்த கிளியாக இருப்பதே முறை.

கையால் கிளி செய்வதற்குத் தமிழகத்தில் தலைசிறந்த முன்மாதிரி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. ஆண்டாள் நாச்சியாரின் இடக்கரத்தில் அமரும் கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. மாதுளம்பூ அலகாகிறது, மரவள்ளி இலை உடலாகிறது, அரளி, நந்தியாவட்டை மலர்கள் வால்பகுதிக்கு அழகூட்டுகின்றன, வாழைநார் எல்லாவற்றையும் கட்டி நிறுத்துகிறது. ஒரு கிளியை முடிக்க ஏறத்தாழ நாலரை மணி நேரம் ஆகிறது என்பார்கள். அரங்கனிடம் தூது சென்ற கிளி சுகப்பிரம்ம மகரிஷியே என்பது ஐதிகம். அந்தக் கிளிக்குக் கால்கள் மூங்கிற்குச்சியால் ஆனவை.

ஒரே ஒரு நாள் நாச்சியாரின் கரத்தில் இருந்துவிட்டு, மறுநாள் பிரசாதமாக அடியார் ஒருவரின் கைக்குச் செல்லப்போகும் கிளி அது. மறுநாள் வாடிவிடும் என்பதற்காக அதற்குக் காலை வைக்காமல் விடுவதில்லை. அலகையும் சிறகையும் பார்த்து மகிழ்வோர் பலர். காலைப் பார்ப்போர் அரியர். ஆயினும் நாள் தவறாமல் குச்சி சீவப்படுகிறது. பல ஆண்டுகள் இருக்கப்போகும் துணிக்கிளிக்கு அந்தக் கவனத்தில் ஒரு பங்காவது வேண்டாமா?

மூடாத கம்பியின் தீமை

கம்பியை மூடாமல் விடுவதால் அழகு மட்டும் கெடுவதில்லை. கட்டட வேலையில் பயன்படும் இரும்புக் கட்டுக்கம்பி, காற்றின் ஈரத்திலேயே துருப்பிடிக்கும். துருவின் கறை துணியில் ஏறினால் வெளுத்தாலும் போகாது. ஓரிரு ஆண்டுகளில் கிளியின் வயிற்றுப்புறம் பழுப்பேறிவிடும்.

அதனினும் பெரிது, குத்தும் நுனி. கொலுவைக் காண வரும் குழந்தைகளின் கை முதலில் போவது கிளியிடம்தான். பொம்மையை எடுத்து வைக்கும் முதியவர்களின் நிலையும் எண்ணத்தக்கது. நீரிழிவு உள்ளவர்களுக்கு விரல்களில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். கம்பி கீறியதே தெரியாமல் போகலாம். புண் ஆறவும் நாளாகும். இறைவனுக்கென்று செய்த பொருள் ஒருவர் கையைப் புண்ணாக்கலாகாது.

கிளிக்கு விரல் எத்தனை?

காகம், குருவி, கோழி, மயில் ஆகியவற்றுக்கு முன்புறம் மூன்று விரல்களும் பின்புறம் ஒரு விரலும் உண்டு. கிளியின் அமைப்பு வேறு. முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு. குயிலுக்கும் மரங்கொத்திக்கும் இவ்வாறே. இரண்டுக்கு இரண்டாக இருப்பதால்தான் கிளி ஒரு காலால் பழத்தை இறுகப் பற்றி, வாய்க்குக் கொண்டுசென்று தின்ன முடிகிறது. நான்கில் வெளிப்பக்கத்து விரல்கள் இரண்டும் சற்று நீண்டிருக்கும். படைத்தவன் வகுத்த கணக்கை அப்படியே பின்பற்றினால் செய்பவருக்கு ஓர் ஆதாயமும் உண்டு. முன்னும் பின்னும் சமமாக ஊன்றுவதால் துணிக்கிளி தள்ளாடாமல் நிற்கும்.

காலைச் செய்யும் முறை

துருப்பிடிக்காத செம்புக் கம்பியோ அலுமினியக் கம்பியோ ஏற்றது. செம்பானால் 1 மில்லிமீட்டர் பருமனும், அலுமினியமானால் 1.5 மில்லிமீட்டர் பருமனும் போதும். அலுமினியம் மென்மையானது, மூட்டுவலி உள்ள கைகளுக்கும் எளிதில் வளையும். ஒரு சாண் உயரமுள்ள கிளிக்குக் கால் ஒன்றுக்கு 45 சென்டிமீட்டர் கம்பி வேண்டும்.

முதல் 10 சென்டிமீட்டர் உடலுக்குள் போவதற்கு. அடுத்த 5 சென்டிமீட்டர் கால். அதன்பின் விரல்கள். கம்பியை 3.5 சென்டிமீட்டர் தூரம் கொண்டுசென்று மடித்து, வந்த வழியே திருப்பி, இரண்டு இழையையும் சேர்த்து முறுக்கினால் நீண்ட விரல் ஒன்று கிடைக்கும். இவ்வாறே 2.5 சென்டிமீட்டரில் குட்டை விரல். நீண்டவை இரண்டு, குட்டையானவை இரண்டு என நான்கையும் ஒரே கம்பியில் முடித்த பிறகு, மீதமுள்ள நுனியைக் காலின்மேல் சுற்றி ஏற்றிக் குறடால் அழுத்திவிட வேண்டும். இம்முறையில் எந்த விரலின் முனையிலும் வெட்டிய நுனி இராது. மடிப்பு மட்டுமே இருக்கும். குத்தும் அபாயத்தில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

அடுத்தது போர்த்துதல். பழைய வேட்டித் துணியே இதற்கு மிக உகந்தது. பலமுறை துவைத்து மென்மையானதால் நன்றாகப் படியும். துணியை நேராக வெட்டாமல் மூலைவாக்கில் சாய்வாக, 1 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். சாய்வாக வெட்டிய துணி சிறிது இழுபடும். ஓரத்தில் நூலும் எளிதில் பிரியாது.

பலர் தவறுவது விரல் நுனியில்தான். நுனியிலிருந்து சுற்றத் தொடங்கினால் சுற்று வழுக்கிக் கழன்றுவிடும். முதலில் ஒரு சிறு துண்டுத் துணியில் வெள்ளைப் பசை தடவி, விரலின் நீளவாக்கில் மேலிருந்து நுனியைக் கடந்து அடிப்புறம்வரை, தொப்பி போடுவதுபோல் ஒட்ட வேண்டும். அதன்மேல் பட்டையைச் சுற்றினால் அது கழலாது. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடியவாறு, காயத்துக்குக் கட்டுப் போடுவதுபோல் செல்ல வேண்டும். நான்கு விரல்களும் கூடும் இடத்தில் எட்டு வடிவில் மாற்றி மாற்றிச் சுற்றினால் இடைவெளி தெரியாது. பிறகு காலின் மேல்வரை ஏற்றி முடிக்கலாம்.

துணிப் போர்வை காய்ந்தபின், சாம்பல் நிறப் பூத்தையல் நூலை அதன்மேல் நெருக்கமாகச் சுற்றினால் கிளிக்காலின் வரிகள் அப்படியே அமையும். பசை முழுவதும் இறுகுமுன் விரல்களை இலேசாக வளைத்து, தரையில் ஊன்றும் வடிவுக்குக் கொண்டுவந்து ஓர் இரவு உலரவிட வேண்டும். அந்நாளில் தஞ்சாவூர் ஓவியப் பலகைக்குப் பயன்பட்ட புளியங்கொட்டைப் பசையும் துணியை நன்கு பிடிக்கும். மாவுப் பசையைத் தவிர்ப்பது நல்லது. அது பூச்சியை வரவழைக்கும். பூச்சிக்கென்று அதில் மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கமாயினும், அது நஞ்சு. குழந்தைகள் தொடும் பொம்மைக்கு ஆகாது.

உடலுக்குள் போகும் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி, நுனிகளை உட்புறமாகச் சுருட்டி, கெட்டித் துணியால் பொதிந்துவிட வேண்டும். இல்லையேல் நாளடைவில் அவை வயிற்றைத் துளைத்து வெளியே வரும். அதைச் சுற்றி இலவம்பஞ்சை அடைக்கலாம். தேனிப் பக்கத்தார்க்கு அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. போடிநாயக்கனூர் இலவம்பஞ்சுக்குப் பெயர்பெற்ற ஊர். நீண்ட வாலின் எடையால் கிளி பின்னே சாய்ந்தால், துணியில் சுற்றிய சிறு கூழாங்கல் ஒன்றை மார்புப் பக்கம் வைத்துத் தைத்தால் நேராகும்.

முருகனின் மயிலுக்கும் சேவலுக்கும் இம்முறையே பொருந்தும். விரல் அமைப்பை மட்டும் மூன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ள வேண்டும். கலைமகளின் அன்னத்துக்கு முன்விரல்கள் மூன்றையும் இணைக்கும் சவ்வு உண்டு. ஒரே அளவில் இரு துணித்துண்டுகளை வெட்டி, கம்பி விரல்களை நடுவில் வைத்து மேலும் கீழுமாக ஒட்டிவிட்டால் அன்னத்தின் பாதம் அமைந்துவிடும்.

முதிய கைகளுக்கு உரிய வேலை

இந்த வேலையில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. இதற்கு ஊசி வேண்டியதில்லை. நூல் கோக்க வேண்டியதில்லை. கண்புரை அறுவைக்குப் பின் தையலை விட்டவர்களும், ஊசியின் காதைத் தேடிச் சலித்தவர்களும் பட்டை சுற்றுவதைத் தொட்டுணர்ந்தே செய்துவிடலாம். இடைவெளி விழுந்தால் விரலே சொல்லிவிடும். கம்பி வெட்டவும் முறுக்கவும் வலு போதாவிட்டால், அதை வீட்டுப் பிள்ளைகள் செய்து கொடுக்கலாம். பேத்தி கம்பியைப் பிடித்துக்கொள்ள, பாட்டி பட்டையைச் சுற்ற, இடையே ஆண்டாள் கதையும் நடக்க, ஒரு மாலைப்பொழுது இனிதே கழியும். கோயிலுக்கு நடந்து செல்ல முழங்கால் இடங்கொடாதவர்களுக்கு வீட்டிலிருந்தே செய்யக்கூடிய கைங்கரியம் இது.

பெரிய கோபுரத்துக்குத் திருப்பணி செய்யும் வாய்ப்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஒரு கிளியின் எட்டு விரல்களைப் போர்த்தும் வாய்ப்பு யாருக்கும் உண்டு. யாரும் காணாத இடத்தில் செய்யும் வேலையில் புகழுக்கு இடமில்லை. அதனாலேயே அதில் பக்திக்கு இடம் அதிகம்.

விஜயதசமி இரவு மங்கள ஆரத்தி முடிந்ததும், ஒரு பொம்மையைப் படியில் படுக்கவைத்துக் கொலுவை நிறைவு செய்வது மரபு. மறுநாள் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கும்போது, துணிக்கிளியின் கால்களை மெல்லிய துணியால் தனியே சுற்றி, உலர்ந்த வேப்பிலையும் ஒரு துண்டு வசம்பும் உடன் வைத்தால் பூச்சி அணுகாது. கிளியின்மேல் கனத்த பொம்மை எதையும் வைக்கலாகாது. அடுத்த புரட்டாசியில் அந்தப் பெட்டியைத் திறக்கும் கை பேத்தியின் கையாக இருக்கக்கூடும். துணியைப் பிரித்துக் கிளியைப் படியில் வைத்தால், அது விழாமல் தன் காலில் நிற்கும்.