ஆறாவது பருக்கை

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். அடுக்களையில் அது பொய்க்காத விதி. கணிதத்திலோ ஐந்து பருக்கைகளைப் பதம் பார்த்த பின்னரும் பானையைப்பற்றித் துணிந்து கூறல் இயலாது. அதற்குச் சான்றாய் நிற்பது 4,294,967,297 என்னும் எண்.

இவ்வெண் பிறக்கும் வழி எளிது. 2இலே தொடங்கி, வரும் எண்ணை அதனாலேயே பெருக்கிக்கொண்டு செல்வோம்: 2, 4, 16, 256, 65,536. ஒவ்வொன்றுடனும் 1ஐக் கூட்ட, 3, 5, 17, 257, 65,537 என்பன கிடைக்கும். இவை ஐந்தும் முதன்மை எண்கள். அஃதாவது, 1ஆலும் தம்மாலுமன்றி வேறெவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை. பிரான்சு தேசத்துத் துலூசு நகரில் நீதிமன்ற அலுவல் பார்த்துக்கொண்டே கணிதம் பயின்ற பெர்மா என்னும் அறிஞர், இவ்வரிசையில் வருவன யாவும் முதன்மை எண்களே என 1640ஆம் ஆண்டிலே கருதினார். நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைத்தாரல்லர்.

வரிசையின் ஆறாவது எண்ணே நாம் முதலிற் கூறியது. இதனை ஒவ்வொரு முதன்மை எண்ணாலும் வகுத்துப் பார்ப்பதாயின், 65,536 வரையுள்ள 6,542 எண்களையும் சோதிக்க நேரிடலாம். ஒயிலர் என்னும் கணித மேதை வேறு வழி கண்டார். இவ்வெண்ணுக்கு முதன்மைக் காரணி உண்டாயின், அது 64இன் மடங்கொன்றிலும் 1 கூடியதாகவே இருத்தல் வேண்டும். 193, 257, 449, 577, 641 என்பனவே அத்தகைய முதல் ஐந்து முதன்மை எண்கள். ஐந்தாவதிலே விடை கிட்டிற்று. 641ஐ 6,700,417ஆற் பெருக்கினால் நம் எண் வந்துவிடும். 1732இல் இதனை வெளிப்படுத்தியபோது ஒயிலருக்கு வயது 25.

இவ்வுண்மையை நெடிய வகுத்தல் இன்றியும் காணலாம். மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்க. 640 என்பது 5 தரம் 128. அதனை நான்கு முறை தன்னுடன் பெருக்கினால், 625 தரம் 2இன் 28ஆம் வலு ஆகும். 625 என்பது 641இலும் 16 குறைந்தது; 16ஐ 2இன் 28ஆம் வலுவாற் பெருக்க, 2இன் 32ஆம் வலு வரும். ஆகவே 640இன் நான்காம் வலுவையும் 2இன் 32ஆம் வலுவையும் கூட்டினால் 641இன் மடங்கு கிடைக்கும். இனி, 640இன் நான்காம் வலுவில் 1ஐக் கழித்தால் எஞ்சுவதும் 641இன் மடங்கே. 640உடன் 1 கூடிய எண் அதற்கு ஒரு காரணியன்றோ? முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க எஞ்சுவது 2இன் 32ஆம் வலுவுடன் 1. அதுவே நம் எண்!

அவ்வரிசையில் 6ஆம் எண் முதல் 33ஆம் எண் வரை யாவும் முதன்மை அல்ல என்று இன்று அறிந்துள்ளோம். ஆறாவதாக ஒரு முதன்மை எண் எங்கேனும் உண்டா, இல்லையா என்பதை இன்னும் எவரும் நிறுவினாரில்லை.

மூன்று உதாரணங்கள் பொருந்தியதும் "எனவே எப்போதும் உண்மை" என்று எழுதிவிடும் வழக்கம் மாணவரிடையே உண்டு. உதாரணம் ஐயத்தை எழுப்பலாம், நம்பிக்கையை ஊட்டலாம். நிறுவலின் இடத்தை அது பெறமாட்டாது. பெர்மா போன்ற பேரறிஞரின் ஊகத்தையும் 641 என்னும் சிற்றெண் வீழ்த்திவிட்டது. அவர் பெயரை அவ்வெண்கள் இன்றும் தாங்கி நிற்கின்றன. ஊகத்தை ஊகமென்றே சொன்ன அவரது நேர்மையையும் மாணவர் மறவாதிருத்தல் நன்று.