நம்ம கரண்டி பெரிசு, அந்த அக்காவோட வயிறு சின்னது

அடுத்த வாரம் புரட்டாசி பிறக்குது. சனிக்கிழமை அன்னதானம் தொடங்குறதுக்கு முன்னால ஒரு விஷயத்தை மனசு விட்டுப் பேசிடலாம்னு நினைக்கிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

எங்கள் அன்னதானக் குழுவில் பல வருஷமா சாம்பார் வாளி தூக்குற அக்கா ஒருத்தர் இருக்கிறார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இனிப்பு நீர், முழங்கால் வலி, ராத்திரி மூச்சுத் திணறல் எல்லாம் சேர்ந்து படுத்தியதால் மருத்துவர் சொல்லிச் செய்தது. அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றார், போடவில்லை.

ஆபரேஷன் முடிஞ்சு நாலு மாசம் கழிச்சு அவர் மறுபடி சேவைக்கு வந்தார். பந்தி எல்லாம் முடிந்து நாங்க சாப்பிட உட்கார்ந்தப்போ, "எனக்குக் கொஞ்சம் போதும்பா" என்றார். நாங்க விட்டோமா? "என்னக்கா, கோழி கொத்துற மாதிரி சாப்பிடுறீங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே இன்னொரு கரண்டி சோறு வைத்தோம். கூடவே ஒரு டம்ளர் பாயாசம். மறுத்தால் எங்க மனசு நோகும்னு அவர் சாப்பிட்டார். கால் மணி நேரத்தில் பின்பக்கக் குழாயடியில் வாந்தி, உடம்பெல்லாம் வேர்வை, நெஞ்சு படபடப்பு. அதன்பிறகு மூணு மாசம் அவர் கோயில் பக்கமே வரவில்லை. கேட்டால் "வேலைப்பா" என்றார். உண்மையான காரணம் நாங்கதான். எங்க அன்புதான் அவரை விரட்டிவிட்டது.

அப்புறம்தான் நாங்க இதைப் பற்றிக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம். அவருக்குச் செய்தது ஸ்லீவ் முறை. இரைப்பையில் 75 முதல் 80 விழுக்காடு வரை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய் மாதிரிதான். பைபாஸ் முறையில் இன்னும் சின்ன பை, முட்டை அளவுகூட இருக்காது. முதல் சில வாரம் வெறும் திரவம், பிறகு மசித்தது, பிறகு குழைந்தது. வழக்கமான உணவுக்கு வரவே ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகிவிடும். இனிப்பு வேகமாகக் குடலில் இறங்கினால் வேர்வையும் படபடப்பும் மயக்கமும் வரும். பைபாஸ் செய்தவர்களுக்கு இது அதிகம், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம். அன்னிக்கு அந்த ஒரு டம்ளர் பாயாசம் செய்த வேலை அதுதான்.

இப்போ நாங்க சொல்ல வந்த கருத்துக்கு வர்றோம். ஆபரேஷன் செய்தவர் தேர்ந்தெடுக்க வேண்டியது, எடையைச் சீக்கிரம் இறக்குற சாப்பாட்டு முறையை அல்ல. அவர் வீட்டு அடுப்பிலும், புரட்டாசியிலும், தைப்பூசத்திலும், கல்யாணப் பந்தியிலும் தாங்கி நிற்கிற முறையை. அது தாங்கி நிற்க வேண்டும் என்றால் பரிமாறுகிற நாமும் மாற வேண்டும்.

அக்கா முதலில் புரோட்டீன் பவுடரையே நம்பினார். ஆரம்ப வாரங்களில் அது தேவைதான், மருத்துவமனையிலேயே சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் வீட்டில் எல்லாரும் சாம்பார் வாசத்தில் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் மாசக்கணக்கில் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு இருந்தார். அலுத்துப்போச்சு. அடுத்து, கைப்பேசியில் யாரோ சொன்ன முறை. சோறு கிடையாது, பருப்பு கிடையாது, மூணு வேளையும் இறைச்சியும் முட்டையும். எடை இறங்கியது, சந்தோஷம். அப்புறம் புரட்டாசி வந்தது. வீட்டில் ஒரு மாசம் சைவம். இறைச்சியும் போச்சு, பருப்பும் கூடாது, அப்ப என்னதான் சாப்பிடுவது? தே தாரேக்கில் பிஸ்கட்டை நனைத்து நாளை ஓட்டினார்.

இங்கேதான் ஒரு பெரிய ஏமாற்று இருக்கு. அந்தச் சின்ன வயிற்றுக்குக் கோழியும் கெட்டிச் சோறும் கஷ்டப்பட்டு இறங்கும், ரெண்டு வாயில் போதும்னு சொல்லிடும். ஆனால் நனைத்த பிஸ்கட், முறுக்கு, ஐஸ்கிரீம், மைலோ எல்லாம் வழுக்கிக்கிட்டு இறங்கிடும். வயிறு நிறைந்த உணர்வே வராது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா கொறித்துக்கொண்டே இருக்கலாம். ஒன்றிரண்டு வருஷம் கழித்து பலருக்கு எடை திரும்ப ஏறுவதற்கு இந்தக் கொறிப்பும் ஒரு காரணம். வயிற்றைத்தான் வெட்டினார்கள், பழக்கத்தை வெட்டவில்லை.

கடைசியில் மருத்துவமனை உணவியல் நிபுணர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "உங்க வீட்டில் வழக்கமா என்ன சமைப்பீங்க?" அங்கிருந்துதான் வழி திறந்தது. பொதுவாக இப்படி ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் சொல்வார்கள். அது பெரிய மலை ஒன்றும் இல்லை. அக்காவோட ஒரு சாதாரண நாள் இதுதான்: காலையில் ரெண்டு முட்டை, சுமார் 12 கிராம். பத்து மணிக்கு ஒரு கப் பால், 8 கிராம். மத்தியானம் 70 கிராம் தெம்பே சம்பல் காரம் குறைச்சலா, கூட நாலு கரண்டி கெட்டிப் பருப்பு, 17 கிராம் பக்கம் வந்துடும். சாயந்தரம் அரை கப் கொண்டைக்கடலைச் சுண்டல், 7 கிராம். ராத்திரி உள்ளங்கை அளவு மீன், கிட்டத்தட்ட 18. கூட்டிப் பாருங்க, 60ஐத் தாண்டுது. சோறு? உண்டு. கடைசியில் ரெண்டு கரண்டி. முதலில் புரதம், அடுத்து காய், அதற்குப் பிறகுதான் சோறு.

புரட்டாசியில் என்ன செய்வது? முட்டைக்கும் மீனுக்கும் பதில் தெம்பே, தவ்ஃபூ, பன்னீர், கெட்டித் தயிர், சர்க்கரை போடாத சோயாப் பால். பசாரில் எல்லாம் கிடைக்கும். நம்ம சைவச் சாப்பாட்டில் புரதம் இல்லைன்னு யாராவது சொன்னால் நம்பாதீங்க. நாம சோற்றைக் குவித்து, பருப்பைத் தண்ணியா ஊற்றுகிறோம், அவ்வளவுதான் கோளாறு.

இன்னும் சில விதிகள் இருக்கு. மெதுவா, நல்லா மென்னு சாப்பிடணும். சாப்பாட்டோடு தண்ணி குடிக்கக் கூடாது, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான். ஆனால் நாள் முழுக்கச் சிறுகச் சிறுக ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் போகணும். சத்து மாத்திரை ஆயுசுக்கும் உண்டு: பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி. இரும்பையும் கால்சியத்தையும் ஒண்ணா போடக் கூடாது, ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேணும். இரும்பு மாத்திரையைத் தே தாரேக்கோடு முழுங்கினால் உடம்பில் சரியா ஒட்டாது. நல்லாத்தானே இருக்கேன்னு மாத்திரையை நிறுத்துபவர்களுக்கு ரத்தச்சோகையும் நரம்புக் கோளாறும் மெல்ல வரும். வாந்தி நிற்காமல் ஒன்றிரண்டு நாள் போனால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரா மருத்துவமனைக்குப் போங்க.

அடுத்தது விரதம். இதைச் சொல்லும்போது சிலருக்குக் கோபம் வரலாம். அக்காவுக்கு இந்தத் தைப்பூசத்தில் பால்குடம் எடுக்கணும்னு வேண்டுதல். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு 48 நாள் இருப்பேன் என்றார். சின்ன வயிற்றுக்காரர் ஒரே வேளையில் ஒரு நாள் சத்தைச் சாப்பிடவே முடியாது. தண்ணி குறைந்து மயங்கி விழுந்தால், பத்துமலையின் 272 படியில் யார் பிடிப்பது? எங்க ஆலயக் குருக்களிடம் போய்க் கேட்டோம். "சைவம், தரையில் படுக்கை, கோபம் பேசாமை, நாமஜெபம், இதெல்லாம் இருக்கட்டும். பசியை மட்டும் விட்டுடும்மா" என்றார். அக்கா மருத்துவரிடமும் கேட்டுவிட்டு, ஐந்து சின்ன வேளை சைவ உணவோடு விரதம் இருந்து பால்குடம் எடுத்தார். முருகன் கணக்கு கேட்கவில்லை.

"பிரசாதத்தை மறுக்கலாமா?" என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் பதில் இது. தீர்த்தம் ஒரு உத்தரணிதான் தர்றாங்க. யாராவது ஒரு டம்ளர் கொடுங்கன்னு கேட்டிருக்கோமா? ஒரு துளியிலும் அருள் முழுசா இருக்குன்னு நம்புற நாம, பாயாசத்தில் மட்டும் ஏன் அளவு பார்க்கிறோம்? ஒரு ஸ்பூன் வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சாப்பிட்டாலும் அது பிரசாதம்தான்.

"ஆபரேஷன் பண்ணியுமா டயட்டு? சோம்பேறி வழிதானே அது?" என்று பேசுகிறவர்களும் நம்மில் உண்டு. நாங்களும் பேசியிருக்கோம், ஒத்துக்கிறோம். ஒவ்வொரு வாயையும் எண்ணி மென்னு, ஒவ்வொரு நாளும் மாத்திரை போட்டு, ஒவ்வொரு விருந்திலும் வேண்டாம்னு சொல்லி வாழ்வது சோம்பேறி வேலையா? நாட்டின் 2023 தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு அதிக எடையோ உடல் பருமனோ இருப்பதாகச் சொல்லுது. பந்தியில் உட்காரும் ரெண்டு பேரில் ஒருத்தர். இது அந்த ஒரு அக்காவோட கதை மட்டும் இல்லை.

அதனால் இந்தப் புரட்டாசியிலிருந்து எங்க பந்தியில் சில மாற்றம் செய்யப் போகிறோம். "எவ்வளவு வைக்கட்டும்?" என்று கேட்டுவிட்டுத்தான் கரண்டி இறங்கும். சுண்டலும் கெட்டித் தயிரும் சோற்றுக்கு முன்னாடி வரும். பருப்பு கெட்டியா இருக்கும். பாயாசம் சின்னக் கப்பில், கேட்டவர்களுக்கு மட்டும். சாப்பிட முடியாதவர்கள் மிச்சத்தைத் தாப்பாவ் பண்ணிக்கொள்ள டப்பா வைப்போம், இலையில் வீணாகாது. "போதும்" என்று ஒருத்தர் சொன்னால் அதற்கு மேல் கேள்வி இல்லை, கிண்டலும் இல்லை.

உங்க வீட்டிலோ குழுவிலோ இப்படி ஒருத்தர் இருந்தால், அவருக்கு எந்த முறை ஒத்துவரும் என்பதை மருத்துவரும் உணவியல் நிபுணரும் சொல்லட்டும். இங்கே எழுதியது ஒருத்தர் அனுபவம், எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் ஒண்ணு கேளுங்க: இந்த முறையில் நான் பத்து வருஷம் கழிச்சும், என் குடும்பத்தோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? முடியும்னா அதைப் பிடிச்சுக்குங்க.

அக்கா இப்போ மறுபடி சாம்பார் வாளி தூக்குறார். போன வெள்ளிக்கிழமை பந்தியில் அவருக்கு நாலு ஸ்பூன் சுண்டலும் ஒரு கரண்டி தயிர்ச்சோறும் வைத்தோம். "இன்னும் கொஞ்சம்"னு வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கிட்டோம். மென்னு முடிக்க அரை மணி நேரம் எடுத்தார். நாங்களும் கூடவே உட்கார்ந்து பேசிக்கிட்டு இருந்தோம்.

சனிக்கிழமை வாங்க. எவ்வளவு வேணும்னு நீங்க சொல்லுங்க, அவ்வளவுதான் வைப்போம்.